கடைசி இரண்டு அங்குலம்

திருவனந்தபுரம் வெள்ளயம்பலத்தில் தலைமையகம் கொண்ட கெல்ட்ரான், 1973இல் பிறந்த கேரள அரசு நிறுவனம். ஒரு காலத்தில் டி.வி.க்குப் பேர்போனது. அதன் கண்ணூர் ஆலை செய்வது கெப்பாசிட்டர். சில்லறைச் சாமான்தான். ஆனால் சி.டி. பிளேயரின் மானம் பல சமயம் இந்தச் சில்லறையின் கையில்.

பிலிப்ஸின் டிடிஏ 1541 சிப்பைப் பாருங்கள். 1980களின் நட்சத்திரம், ஆர்வலர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள். எண்களைக் கொடுத்தால் அது வோல்ட் தராது, மின்னோட்டம் தரும். உச்சமே 4 மில்லி ஆம்பியர். இதை வோல்ட்டாக்க ஒரு ரெசிஸ்டர் போதாதா? போதாது. வெளியீட்டு முனையில் 25 மில்லி வோல்ட்டைத் தாண்டினால் சிப் முரண்டு பிடிக்கும், இசை சிதையும். ஆக, 6 ஓமுக்கு மேல் போட வழியில்லை. கிடைப்பது எறும்புக் குரல்; தேவையோ 2 வோல்ட்.

அதனால்தான் ஆப்-ஆம்ப். முனையைப் பூஜ்யத்திலேயே பிடித்துவைத்து, மின்னோட்டம் முழுவதையும் 1,500 ஓம் ரெசிஸ்டர் வழியே திருப்பிவிடும். சிக்கல் வேகத்தில். மின்னோட்டம் படிக்கட்டுபோலத் தாவுகிறது. மந்தமான ஆப்-ஆம்ப் திணறும் அந்தக் கணத்தில் முனை பூஜ்யத்தில் நிற்காது. ரெசிஸ்டருக்கு இணையாக 2.2 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர் வைத்தால் தாவலின் கூர்மை மழுங்கும். சுமார் 48 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாம் அடங்கத் தொடங்கும். காது அவ்வளவு தூரம் போகாது.

எந்தக் கெப்பாசிட்டர்? மலிவான செராமிக் ரகம் வோல்டேஜ் ஏறி இறங்கும்போது தன் அளவையே மாற்றிக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் அசையாது. விலை வித்தியாசம் சில ரூபாய். சிப்புக்கு ஆயிரங்களைக் கொட்டிவிட்டு இங்கே கஞ்சத்தனம் காட்டுகிறவர்கள் உண்டு! கடையில் ஃபிலிம் என்றே கேளுங்கள். இல்லையென்றால் செராமிக்கில் என்பிஓ ரகம் பரவாயில்லை. மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.