தாயுமானவரும் பிரசவ அறைக் கதவும்

காவிரியில் வெள்ளம் பெருகி, ஓடம் விட வழியில்லாமல் அக்கரையிலேயே தாய் நின்றுவிட, இக்கரையில் இடுப்புவலி கண்டு தனியே தவித்த மகளுக்குச் சிவபெருமானே அந்தத் தாயின் ரூபத்தில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் ஸ்தல புராணம். அதனாலேயே அங்கே ஸ்வாமிக்குத் தாயுமானவர் என்று திருநாமம். சுகப்பிரசவம் வேண்டி வாழைத்தார் சமர்ப்பிக்கும் வழக்கம் இன்றும் உண்டு. சர்வ வல்லமை படைத்த கடவுள் நினைத்திருந்தால் வெள்ளத்தை வடிய வைத்திருக்கலாம், வலியையே இல்லாமல் செய்திருக்கலாம். அவர் செய்ததெல்லாம் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுதான்.

பேறுகாலத்துக்கான ஆயத்தங்களுக்குத் தஞ்சைச் சீமையில் ஒருநாளும் குறைவிருந்ததில்லை. திருக்கருகாவூர் கர்ப்பரக்ஷாம்பிகை சந்நிதியில் வாங்கி வந்த விளக்கெண்ணெய், வலி காணும்போது அடிவயிற்றில் தடவுவதற்காகப் பூஜை அலமாரியில் காத்திருக்கும். வளைகாப்பு முடிந்து, கலந்த சாத வகைகள் பரிமாறி, தலைச்சன் பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வந்து சேர்வாள். பிரசவ லேகியத்துக்குச் சுக்கும் திப்பிலியும் முன்கூட்டியே தயாராகிவிடும். ஆடிப் பதினெட்டன்று காவிரியையே சூல்கொண்டவளாகப் பாவித்துச் சித்திரான்னம் படைக்கிற ஜனங்கள் அல்லவா நாம்! இத்தனை செய்கிற நமக்கு, வலி எப்படி ஆரம்பிக்கும், சூட்டுவலிக்கும் மெய்வலிக்கும் என்ன பேதம், தலைச்சன் பிரசவம் பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலுமோ நீடிப்பது சகஜந்தான் என்பனவற்றை அந்தப் பெண்ணிடம் நிதானமாகச் சொல்ல மட்டும் நாவெழுவதில்லை. "பெண்ணாய்ப் பிறந்தால் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும், அம்மா" என்ற ஒரே வாக்கியத்தோடு உபதேசம் முடிந்துவிடுகிறது.

அறியாமை பயத்தையும், பயம் தேகத்தின் இறுக்கத்தையும், இறுக்கம் வலியையும் வளர்க்கும் என்று கிராண்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கில வைத்தியர் 1942-இல் வெளியிட்ட நூலில் விவரித்தார். பயம் நீங்கினால் வலியும் அநேகமாக நீங்கிவிடும் என்கிற அளவுக்கு அவர் போனதை நான் ஒப்பவில்லை. வலி மெய்யானது, அதை அனுபவியாத புருஷர்களின் வியாக்கியானத்தால் (என்னுடையதும் சேர்த்துத்தான்) அது தணியப்போவதில்லை. எனினும் துணையின் மகிமை வெறும் நம்பிக்கையன்று. 2017-இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 26 ஆய்வுகளில் பங்குகொண்ட பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்திரீகளின் அனுபவத்தைப் பரிசீலித்து, வலியின்போது இடைவிடாமல் ஒருவர் உடனிருந்தால் அறுவை சிகிச்சையும் வலி மருந்தின் தேவையும் குறைகின்றன என்று கண்டது.

நம் தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும், 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 99.6 சதவிகிதம், ஆஸ்பத்திரியிலேயே நடக்கின்றன. இது பெருமைக்குரிய விஷயம். அதே கணக்கெடுப்பில் 44.9 சதவிகிதம் அறுவை சிகிச்சையால் நிகழ்ந்தவை என்றும் இருக்கிறது. இதற்குக் காரணங்கள் பல. வலியைக் கண்டு கலங்கி, "ஆபரேஷனே செய்துவிடுங்கள்" என்று உறவினர் மன்றாடுவதும் அவற்றில் ஒன்றென்றே கருதுகிறேன்.

பிரசவ அறையில் துணைக்கு ஒருத்தி இருக்கலாம் என்று மத்திய அரசு 2016-இல் அறிவித்தது. தமிழ்நாடு அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அந்த வழியைத் திறந்திருந்தது. அனுமதி காகிதத்தில் இருந்தாலும், கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே மறைப்பில்லாத அறையில், மற்ற பெண்களின் மானத்தைக் கருதி, துணைக்கு வந்தவளை வெளியே நிறுத்திவிடுவதுண்டு. ஒரு திரைச்சீலையின் விலை என்ன? இந்தச் செலவைக் கணக்குப் பார்க்கிற நிர்வாகத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

முதுகில் போடும் எபிடூரல் ஊசியைக் கேட்கும் பெண்ணைப் பொறுமையற்றவள் என்று ஏசுவதும் ஒழியவேண்டும். ஆரோக்கியமான கர்ப்பிணி வலி தணிக்கக் கேட்டால் அதைக் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் கூறியிருக்கிறது. ஆயுளுக்கும் முதுகுவலி வரும் என்பது ஆதாரமற்ற பயம். ஆனால் இந்த ஊசிக்கு மயக்க மருந்து நிபுணர் அருகிலேயே இருக்கவேண்டும். தாலுகா ஆஸ்பத்திரியில் நள்ளிரவில் அது எளிதன்று. துணைக்கோ நிபுணர் எவரும் வேண்டியதில்லை.

ஆகவே, வளைகாப்புக்கு நாள் பார்க்கும் வீட்டார், அந்த வாரத்திலேயே ஆஸ்பத்திரிக்கும் ஒரு நடை போய், வலி கண்டால் உள்ளே பெண்ணோடு யாரை இருக்கவிடுவார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.