வத்தல்மலைக்கு மத்தியஸ்தர் ஏறட்டும்

நிலுவை வழக்குகளைச் சமரசத்துக்கு அனுப்பும் 90 நாள் இயக்கத்தை 2025 ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை தேசிய சட்டப் பணிகள் ஆணையமும் உச்ச நீதிமன்றத்தின் சமரசக் குழுவும் நாடெங்கும் நடத்தின. நோக்கம் நல்லது. ஆனால், நேரில் பேசலாம், காணொலியில் பேசலாம், இரண்டையும் கலந்தும் பேசலாம் என்று மூன்றையும் ஒரே தட்டில் வைத்தார்களே, அதுதான் உறுத்துகிறது. 2020-ல் நீதிமன்றங்கள் மூடிக் கிடந்தபோது காணொலிக்கு மாறியதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆபத்துக்குச் செய்த அந்த ஏற்பாடு 2023 மத்தியஸ்தச் சட்டத்தில் 30-வது பிரிவாக எழுதப்பட்டுவிட்டது. அந்தச் சட்டத்தின் சில பிரிவுகள் 2023 அக்டோபர் 9-ல் நடைமுறைக்கு வந்தபோது 30-வது பிரிவு அவற்றில் இல்லை. பழக்கம் சட்டத்தை முந்திக்கொண்டுவிட்டது.

இணையவழிக்காரர்கள் எப்போதும் தாண்டிச் செல்லும் புள்ளிவிவரம் ஒன்று உண்டு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் 33 சதவீதம், ஆண்கள் 57 சதவீதம். பெருந்தொற்றுக் காலத்தின் கணக்கு இது. இன்று கூடியிருக்கும் என்பார்கள், கூடியிருக்கட்டும். ஜீவனாம்ச வழக்கில் எதிரெதிரே உட்காரும் இருவரில் ஒருவருக்குக் கைபேசி பழகிய பொருள், மற்றவருக்கு அது பெரும்பாலும் கணவனுடையது அல்லது அண்ணனுடையது. தருமபுரி மாவட்டத்து வத்தல்மலையின் பெரியூரிலோ பால்சிலம்பிலோ சிக்னல் தேடி வீட்டுக்கு வெளியே வந்துதான் பேச வேண்டும் என்றால், அந்தப் பேச்சு ஊருக்கே கேட்கும்.

சமரச மையத்தில் நடப்பதைப் பார்த்தால் இதன் கனம் விளங்கும். இரு தரப்பையும் சேர்த்து வைத்துப் பேசிய பிறகு, மத்தியஸ்தர் ஒருவரை வெளியே அனுப்பிவிட்டு மற்றவரிடம் தனியாகப் பேசுகிறார். அடி விழுந்தது, நகை அடகுக்குப் போனது, மாமியார் சொன்னது எல்லாம் வெளிவருவது கதவு சாத்திய அந்தக் கொஞ்ச நேரத்தில்தான். காணொலியில் எதிர்த்தரப்பைத் திரையிலிருந்து நீக்கலாம். சுவரோரம் நின்று கண் ஜாடை காட்டுகிறவரை யார் நீக்குவது? ஒலிப்பதிவு, ஒளிப்பதிவு கூடாது என்று சட்டம் எழுதிவைத்திருக்கிறது. தலையணைக்கடியில் ஓடும் இன்னொரு கைபேசிக்குச் சட்டம் தெரியாது. 2017 அக்டோபரில் சாந்தினி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பெரும்பான்மைத் தீர்ப்பாகச் சொன்னது: குடும்ப வழக்கில் சமரசம் பேசும் கட்டத்தில் காணொலி வேண்டாம், சமரசம் முறிந்த பிறகு, இருவரும் சேர்ந்து கேட்டால் பார்க்கலாம். பெருந்தொற்றில் விலக்கு தந்தார்கள். நோய் போயிற்று, விலக்கு மட்டும் போகவில்லை.

மலையிலிருந்து தருமபுரி வர ஒரு நாள் கூலி போகிறதே, காணொலி அதை மிச்சப்படுத்தாதா என்று கேட்பார்கள். கேள்வியே தலைகீழானது. மலையேற மனமில்லாத அமைப்பு, தன் சோம்பலுக்கு ஏழையின் பேருந்துக் கட்டணத்தைக் காரணம் காட்டுகிறது. எழுத்துபூர்வ சம்மதம் வாங்குகிறோமே என்பது அதைவிட மெலிந்த வாதம்; கையெழுத்து வாங்கும் இடத்திலும் அதே அண்ணன்தான் நிற்பார். வெளிநாட்டில் ஒருவர், இங்கே ஒருவர் என்றால்? அவர்களுக்கு விதிவிலக்கு இருக்கட்டும், அதைக் காட்டி மலைக்கு விதி எழுத வேண்டாம்.

2005 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிமன்றம் சார்ந்த சமரச மையத்தைத் தொடங்கி நாட்டுக்கே வழிகாட்டியது தமிழகம். வத்தல்மலையின் மலையாளிப் பழங்குடி மக்களுக்குக் கூடிப் பேசித் தீர்க்கும் பழக்கமும் புதிதல்ல. ஊர்க்கவுண்டர் முன் பெண்ணின் குரல் எடுபடாதது அதன் குறை. மூவர் கொண்ட குழு சமூகத் தகராறுகளைப் பேசித் தீர்க்க 2023 சட்டத்தின் 43, 44-வது பிரிவுகள் இடம் தருகின்றன. அந்த மூவரில் ஒருவர் மலையாளிப் பெண்ணாக இருக்கட்டும். 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் சட்ட உதவி இலவசம் என்பதால் செலவுக் கணக்கும் புதிதாகப் போட வேண்டியதில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான விதிவிலக்கு தவிர, குடும்பத் தகராறுகளில் காணொலிச் சமரசத்தை உயர் நீதிமன்றம் நிறுத்த வேண்டும். மாதம் ஒருமுறை ஒரு ஜீப்பில் மத்தியஸ்தர்கள் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போய், கதவு சாத்தக்கூடிய ஒரு பள்ளி அறையில் உட்காரட்டும்.