குறைத்துக் கொடுத்த கூலி கருணை அல்ல, பாக்கி

கோவளத்தைச் சுற்றிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் விடுதிகளில் படுக்கை விரிப்பவர்கள், கழிவறை கழுவுபவர்கள், பாத்திரம் தேய்ப்பவர்கள் பலர் நம் காலனிகளிலிருந்து போகிறவர்கள். அப்படி ஒரு விடுதியில் ஒப்பந்ததாரர் மூலம் வேலை பார்க்கும் அக்கா ஒருவர், கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு எங்களிடம் வந்தார். மாதம் 12,000 ரூபாய் என்று பேசி வேலைக்குச் சேர்த்திருக்கிறார்கள். சீருடை, சாப்பாடு, லீவு என்று பிடித்துக்கொண்டு கையில் வந்தது 9,000. கேட்டதற்கு மேஸ்திரி சொன்ன பதில்: “உங்க ஜனத்துக்கு வேல குடுத்ததே பெருசு.”

அந்த ஒரு வரியில்தான் பிரச்சினையே இருக்கிறது. கூலியைக் குறைப்பவர் தான் திருடுவதாக நினைப்பதில்லை, தயவு காட்டுவதாக நினைக்கிறார். நம்மில் பலரும் அதை அப்படியே நம்பிப் பழகிவிட்டோம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேட வெகுதூரம் போக வேண்டாம். இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி 1891-இல் அறிக்கை எழுதினார். நிலமில்லாத படியாட்கள் கடனால் ஆண்டைகளிடம் கட்டுண்டு கிடப்பதை அது பதிவு செய்தது. பஞ்சமி நிலங்களுக்கு வழிவகுத்த 1892 அரசாணையின் பின்னணியில் இருந்தது அந்த அறிக்கைதான். கீழத்தஞ்சையில் கூலி உயர்வு கேட்டுச் சங்கம் கட்டியதற்காக 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். கூலிக் கேள்வி இந்த மண்ணில் எப்போதும் சாதிக் கேள்வியாகவே இருந்திருக்கிறது. குறைந்தபட்ச ஊதிய மசோதாவை 1946-இல் சட்டமன்றத்தில் வைத்தவர், அப்போது தொழிலாளர் துறைக்குப் பொறுப்பாக இருந்த அண்ணல் அம்பேத்கர் என்பதையும் இதோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

சட்டம் இன்று என்ன சொல்கிறது? டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டுமான வேலை செய்த தொழிலாளர்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982-இல் தெளிவாகத் தீர்ப்பளித்தது. குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே கூலி கொடுத்து வேலை வாங்குவது, அரசமைப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு. தொழிலாளி சம்மதித்துத்தானே வந்தார் என்று முதலாளி தப்பிக்க முடியாது. பசியும் வறுமையும் தள்ளுவதும் கட்டாயம்தான் என்றது நீதிமன்றம்.

2025 நவம்பர் 21 முதல், பழைய குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் இடத்தில் ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019 வந்திருக்கிறது. அதில் நமக்குப் பயன்படும் விஷயங்கள் சில உண்டு. முன்பு குறைந்தபட்ச ஊதிய பாக்கியைக் கேட்க ஆறு மாதம்தான் கெடு. இப்போது மூன்று ஆண்டுகள். பழைய பாக்கிக்குப் பழைய கெடுவையே காட்டி மறுக்க வாய்ப்பிருப்பதால் தாமதிக்கக் கூடாது. கூலி கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் பொறுப்பு இப்போது முதலாளியுடையது. தொழிலாளியோ, அவர் உறுப்பினராக உள்ள சங்கமோ மனு கொடுக்கலாம். ஒப்பந்ததாரர் கைவிரித்தால் நிறுவனத்தின் உரிமையாளர் பொறுப்பேற்க வேண்டும். பாக்கியோடு, அதைப் போல் பத்து மடங்கு வரை இழப்பீடு வழங்கவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. நாளுக்கு 100 ரூபாய் குறைத்தால் 26 நாளுக்கு 2,600, ஓராண்டுக்கு 31,200. இழப்பீடு மட்டும் 3,12,000 வரை போகலாம். இந்தக் கணக்கை முதலாளிகளின் வக்கீல்கள் அறிவார்கள், நம் மக்களுக்குத்தான் யாரும் சொல்வதில்லை.

முன்பணம் கொடுத்துக் கட்டிப்போட்டு, குறைந்த கூலிக்கு வேலை வாங்கினால் அது கொத்தடிமை முறை. 1976-ஆம் ஆண்டின் ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. இதில் கோட்டாட்சியரிடமும் ஆட்சியரிடமும் போக வேண்டும். தலித் ஒருவரை மற்ற சாதிக்காரர் கட்டாய உழைப்புக்கு உட்படுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எச்) பிரிவும் உண்டு. எல்லாக் கூலிக் குறைப்புக்கும் இதைப் போட முடியாது. ஆனால் மேஸ்திரி சொன்னதைப் போன்ற பேச்சை யார், எப்போது, யார் முன்னால் பேசினார்கள் என்று எழுதி வைப்பது பின்னால் உதவும்.

புதிய சட்டத்தைக் கொண்டாடவும் வேண்டாம். பழைய சட்டத்தில் கூலி குறைத்தவருக்கு ஆறு மாதம் வரை சிறை இருந்தது. இப்போது முதல் தடவை என்றால் 50,000 ரூபாய் வரை அபராதம் மட்டுமே. அரசும் யோக்கியமில்லை. ஊராட்சிகளில் குப்பை அள்ளும் தூய்மைக் காவலர்களுக்கு மாதம் 3,600 ரூபாய் கொடுத்து, பிறகு 5,000 ஆக்கினார்கள். நாளுக்கு 170 ரூபாய்கூட இல்லை. கூலி என்று எழுதினால் சட்டம் கேள்வி கேட்கும் என்பதால் ‘மதிப்பூதியம்’ என்கிறார்கள். சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாரிடம் போனபோது, சம்பளம் பல ஆயிரம் குறையும் என்று சொல்லி 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன் 13 நாட்கள் உட்கார்ந்தார்கள் தொழிலாளர்கள். நள்ளிரவில் போலீஸ் வந்து அகற்றியது.

படித்த தம்பி தங்கைகளிடம் நாங்கள் கேட்பது இதுதான். உங்கள் தெருவில் வேலைக்குப் போகும் பத்துப் பேருக்கு ஆளுக்கொரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். வேலைக்குப் போன நாள், நேரம், வாங்கிய பணம், மேஸ்திரி பெயர் எல்லாம் அதில் ஏறட்டும். ஜிபே குறுஞ்செய்தி, வாட்ஸ்அப் பேச்சு, அடையாள அட்டைப் படம் எதையும் அழிக்க விடாதீர்கள். வெற்றுத் தாளில் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. காவல் நிலையத்தில் உட்கார்ந்து ‘பேசி முடிக்க’ கூப்பிட்டால் போகாதீர்கள். தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், 15100 எண்ணிலும் அழைக்கலாம்.

அந்த அக்கா கடைசியாக ஒன்று கேட்டார்: “கேஸ் போட்டா நாளைக்கு வேல இருக்குமா?” இருக்கும் என்று பொய் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. தனியாகப் போனால் நீக்குவார்கள். அவரோடு வேலை பார்க்கும் பதினோரு பேரும் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டால், ஒரே நாளில் பன்னிரண்டு பேரை அனுப்பிவிட்டு விடுதி நடத்துவது அவ்வளவு சுலபமில்லை என்றோம். அவர் யோசித்தார். அடுத்த ஞாயிறு வரும்போது இன்னும் நான்கு பேரை அழைத்து வந்தார். ஆளுக்கொரு நோட்டோடு.