கடவுளுக்குத் தட்டு எதற்கு?

மதத்தின் பேரால் சேருகிற சொத்து யாருடையது? கடவுளுடையது என்பார்கள். அச்சொத்தினால் கடவுளுக்கு ஆகவேண்டிய காரியம் என்ன என்று கேட்டுவிட்டாலோ, நாஸ்திகன் என்று பாய்ந்து விழுவார்கள். ஆனால் சுமார் 1,600 வருஷங்களுக்கு முன்பே இக்கேள்வியைக் கேட்டவர் ஒரு கிறிஸ்தவ பிஷப் ஆவார்.

422-ம் வருஷ வாக்கில் ரோம சாம்ராஜ்யத்துக்கும் பாரசீகத்துக்கும் யுத்தம் நடந்தது. ரோமச் சிப்பாய்கள் சுமார் 7,000 பாரசீகர்களைச் சிறைபிடித்து, திருப்பி அனுப்ப மறுத்துவிட்டார்கள். கைதிகளோ பட்டினியால் செத்துக்கொண்டிருந்தார்கள். இன்று துருக்கியிலிருக்கும் தியார்பக்கிர் நகரத்துக்கு அப்போது அமிதா என்று பெயர். அங்கே பிஷப்பாயிருந்த அகாசியஸ் என்பவர் தமது குருமார்களைக் கூட்டி, நம் கடவுள் உண்பதுமில்லை, குடிப்பதுமில்லை, அப்படியிருக்க அவருக்குத் தட்டும் கிண்ணமும் எதற்கு என்று கேட்டார். கேட்டதோடு நில்லாமல், சர்ச்சிலிருந்த பொன் வெள்ளிப் பாத்திரங்களை உருக்கி விற்றார். அப்பணத்தைச் சிப்பாய்களுக்குக் கொடுத்துக் கைதிகளை மீட்டு, சோறு போட்டு, வழிச்செலவும் கொடுத்து அவர்கள் தேசத்துக்கே அனுப்பிவைத்தார். இது நமது கற்பனையல்ல. அதே நூற்றாண்டில் வாழ்ந்த சாக்ரட்டீஸ் என்ற கிறிஸ்தவ சரித்திரக்காரர் எழுதிவைத்திருப்பதாகும். மீட்கப்பட்டவர்கள் எதிரி நாட்டார், வேற்றரசன் குடிகள் என்பதைத் தோழர்கள் கவனிக்கவேண்டும்.

நிற்க, மிலான் நகர பிஷப் அம்புரோஸும் பாத்திரங்களை உருக்கி யுத்தக் கைதிகளை மீட்டவர்தான். ஆனால் 388-ல் கல்லினிக்கம் என்னும் ஊரில், அவ்வூர் பிஷப்பின் தூண்டுதலால் ஒரு கூட்டம் யூதர்களின் ஜெபாலயத்தைக் கொளுத்தியது. அதைக் கட்டித்தரும் செலவு அந்த பிஷப்பையே சேர்ந்தது என்று தியோடோசியஸ் சக்கரவர்த்தி உத்தரவிட்டார். இதே அம்புரோஸ் குறுக்கே நின்று அவ்வுத்தரவு நிறைவேறாமல் செய்துவிட்டார். பொன்னை உருக்கிய கைக்குத் தன் மதப்பற்றை உருக்க முடியவில்லை!

ஆகவே, மதத்தலைவர்களின் தர்மத்தை அளக்க வேண்டிய படி எது? எவ்வளவு கொடுத்தார்கள் என்பது மாத்திரம் போதாது. தன் மதத்தைச் சேராதவனுக்கு ஆபத்து வந்தபோது என்ன செய்தார்கள் என்று பார்க்கவேண்டும். அந்தப் படியில் அகாசியஸ் நிறைகிறார், அம்புரோஸ் குறைகிறார். பூட்டிய அறையில் பொன் தட்டைக் காத்துக்கொண்டு, வாசலில் பட்டினி கிடப்பவனைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களோ அளக்கவே லாயக்கற்றவர்கள்!