டிராகன்கள் எங்கே போகும்?

குட்டி நண்பர்களே! டிராகன் கதைப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலே, "டிராகனாவது ஒன்றாவது! இதைப் படித்தால் மார்க் வருமா?" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள், இல்லையா? அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு பதில் இருக்கிறது.

பழைய ஐரோப்பியக் கதைகளில் டிராகன் என்றால் வில்லன்தான். நெருப்பைக் கக்கும், ஊரை எரிக்கும், இளவரசியைத் தூக்கிக்கொண்டு போகும். வாளோடு ஒரு வீரன் வருவான். ஒரே வெட்டு... கதை முடிந்தது! அந்த டிராகனுக்கும் வாழ ஓர் இடம் வேண்டுமே என்று யாரும் கவலைப்பட்டதில்லை.

பிறகு வந்த கதைகள் பல அப்படி இல்லை. ஜெர்மனி நாட்டு எழுத்தாளர் கொர்னேலியா ஃபுங்கே 1997-ல் எழுதிய ஒரு நாவல், 'டிராகன் ரைடர்' என்ற பெயரில் ஆங்கிலத்திலும் வந்திருக்கிறது. அதில் டிராகன்கள் ஒரு பள்ளத்தாக்கில் மறைந்து வாழ்கின்றன. மனிதர்கள் அந்த இடத்தைத் தண்ணீரில் மூழ்கடிக்கப் போகிறார்கள் என்று ஓர் எலி வந்து எச்சரிக்கிறது. மற்ற டிராகன்களுக்கு இடத்தை விட்டு நகர மனமில்லை. வெள்ளி நிறத்தில் இருக்கும் ஓர் இளம் டிராகன், புது இடம் தேடி இமயமலைக்குக் கிளம்புகிறது. வழியில் பென் என்ற அநாதைச் சிறுவன் அதற்கு நண்பனாகிறான்.

அங்கே போனால் ஓர் அதிர்ச்சி! நிலா வெளிச்சம்தான் டிராகன்களுக்குச் சாப்பாடு. எதிரிக்குப் பயந்து குகைக்குள்ளேயே ஒளிந்திருந்த டிராகன்கள், நிலா வெளிச்சம் படாமல் கல்லாகிக் கிடக்கின்றன. அப்புறம் என்ன ஆயிற்று? அதை நான் சொல்ல மாட்டேன், படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்!

எனக்கு இந்தக் கதை பிடித்ததற்குக் காரணமே அந்தக் குகைதான். ஒளிந்துகொண்டால் எதிரியிடமிருந்து தப்பிக்கலாம். ஆனால் வாழ முடியாது. எந்த உயிருக்கும் அதற்கென்று ஓர் இடம் வேண்டும்.

"இதெல்லாம் கற்பனைதானே?" என்கிறீர்களா? இந்தோனேசியாவுக்கு வாருங்கள். அங்கே கொமோடோ, ரிஞ்சா, ஃபுளோரஸ் போன்ற சில தீவுகளில் ஒரு நிஜ 'டிராகன்' இருக்கிறது. அதுதான் கொமோடோ டிராகன்! இது நெருப்பைக் கக்காது, பறக்காது. நம் உடும்புக்குச் சொந்தக்காரன். ஆனால் 3 மீட்டர் நீளம் வரை வளரும். உலகிலேயே மிகப் பெரிய பல்லி இனம் இதுதான்.

இதைக் காப்பாற்ற 1980-ல் கொமோடோ தேசியப் பூங்காவை அமைத்தார்கள். வேட்டையாடுபவர்களைக் காவல் போட்டுத் தடுக்கலாம். கடலை யார் தடுப்பது? பூமி சூடாகி, கடல் மட்டம் உயர்ந்துகொண்டே போகிறது. இதனால் கொமோடோ டிராகன் வாழ ஏற்ற இடத்தில் 45 ஆண்டுகளுக்குள் குறைந்தது 30 சதவீதம் போய்விடும் என்று இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டுச் சங்கம் 2021-ல் எச்சரித்தது. அழியும் ஆபத்தில் உள்ள விலங்குகளின் பட்டியலிலும் அதைச் சேர்த்தது.

கதையில் வரும் டிராகனுக்கு இறக்கை உண்டு. பள்ளத்தாக்கு மூழ்கினால் இமயமலைக்குப் பறந்துவிடும். கொமோடோ டிராகன் எங்கே போகும்?

பாடப்புத்தகம் ஒரு விலங்கின் நீளத்தையும் எடையையும் சொல்லித் தரும். அதன் முதுகில் உங்களை ஏற்றி உட்கார வைத்து, அதன் கவலையை உங்கள் கவலையாக மாற்றுவது கதைதான்.

ஆகவே, "மார்க் வருமா?" என்று யாராவது கேட்டால், "வராது. ஆனால் ஓர் ஏரியை மூடும்போதும் மரத்தை வெட்டும்போதும், 'அங்கே இருந்த உயிர்கள் எங்கே போகும்?' என்று கேட்கத் தெரியும்" என்று சொல்லுங்கள். சொன்னால் மட்டும் போதாது, குட்டி நண்பர்களே... கேட்கவும் வேண்டும்!