மூத்த வீரர் எப்போது வழிவிட வேண்டும்?

நல்லூர்க் கந்தசுவாமி கோவிலுக்குக் கிட்டிய தேநீர்க் கடையொன்றில் காலை வேளைகளில் நாங்கள் சிலர் கூடுவது வழக்கம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தபாற் கந்தோரில் வேலை பார்த்தவர் ஒருவர், பத்திரிகைத் தொழிலில் தலை நரைத்த நான், இடையிடையே பயிற்சி முடித்துச் சைக்கிளில் வந்திறங்கும் கழகப் பையன்கள். 2025 ஒக்டோபர் 15 ஆம் திகதி காலை அங்கே அரசியல் பேசப்படவில்லை. முதல் நாள் இரவு கோவாவில் நடந்த ஆட்டத்தில் இந்திய உதைபந்தாட்ட அணி 1-2 என்ற கணக்கில் சிங்கப்பூரிடம் தோற்று, 2027 ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதிபெறும் வாய்ப்பை இழந்திருந்தது. வழக்கு சுனில் சேத்ரி பற்றியது.

“அந்த மனுசனை நிம்மதியா வீட்டில இருக்க விட்டிருக்கலாம்” என்றார் மாஸ்டர். கழகப் பையன் விடவில்லை. “மாஸ்டர், அவரை விட்டால் கோல் அடிக்க ஆர் இருக்கினம்?” என்று கேட்டான்.

இந்தக் கேள்விக்கு அன்று நான் விடை சொல்லவில்லை. பல நாள் யோசித்த பின்னர் இப்போது எழுதுகிறேன்.

முதலில் நடந்தவற்றை ஒழுங்காகப் பார்ப்போம். 2005 ஆம் ஆண்டு குவெட்டாவில் பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியாவுக்காக முதன்முதல் ஆடிய சேத்ரி, அந்த ஆட்டத்திலேயே கோல் அடித்தவர். 19 ஆண்டுகள் கழித்து, 2024 ஜூன் 6 ஆம் திகதி கொல்கத்தாவில் குவைத்துடன் ஆடிய கோலற்ற ஆட்டத்தோடு விடைபெற்றார். அப்போது அவரது கணக்கில் 94 சர்வதேசக் கோல்கள். அக்காலத்தில் களத்தில் இருந்தவர்களுள் ரொனால்டோவும் மெஸ்ஸியும் மாத்திரமே அவருக்கு முன்னால் நின்றார்கள். கண்ணீரோடு கைகூப்பி அவர் மைதானத்தை விட்டு நடந்த காட்சியைக் கண்டவர்கள், இதைவிடக் கௌரவமான விடைபெறல் இல்லை என்றே எண்ணினார்கள்.

ஆனால் அவர் போன பின்னர் அணி வெறுமையாகி நின்றது. 2024 ஆம் ஆண்டு முழுவதிலும் இந்தியாவுக்கு ஒரு வெற்றியேனும் கிட்டவில்லை. பயிற்றுநர் மனோலோ மார்க்கெஸ் 2025 மார்ச்சில் சேத்ரியைத் திரும்ப அழைத்தார். வயது 40. ஷில்லோங்கில் மாலைதீவுடன் நடந்த சிநேகபூர்வ ஆட்டத்தில் 3-0 என்று இந்தியா வென்றது. மூன்றாவது கோல் சேத்ரியுடையது, அவரது 95 ஆவது.

அந்த இரவு நானும் மகிழ்ந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. அவரைத் திரும்ப அழைத்தது சரியே என்று கடையில் உரத்து வாதிட்டவனும் நானே. என் வாதம் எளிமையானது. தேசிய அணித் தெரிவு தகுதியின்படி நடக்கவேண்டும், பிறப்புச் சான்றிதழின்படி அல்ல. அந்தப் பருவத்து இந்திய சுப்பர் லீக்கில் இந்திய வீரர்களுள் அதிக கோல்களை அடித்தவர் பெங்களூரு கழகத்தின் சேத்ரிதான். அப்படிப்பட்டவரை வயதைக் காட்டி ஒதுக்குவது எந்த வகையில் நீதி?

இந்த வாதம் இன்றும் பலமானதே. ஆயினும் பின்னர் வந்த தகுதிகாண் ஆட்டங்கள் அதற்குத் துணைநிற்கவில்லை. பங்களாதேஷுடன் 0-0. ஹொங்கொங்கிடம் 0-1. சிங்கப்பூரில் 1-1. கோவாவில் 1-2. இந்த நான்கு ஆட்டங்களில் சேத்ரியின் கோல் ஒன்றுமில்லை. இடையில் புதிய பயிற்றுநர் காலித் ஜமீல், மத்திய ஆசிய நாடுகளின் கிண்ணத் தொடருக்கு அவரைச் சேர்க்காமல் அணியை அழைத்துச் சென்றார். அந்த அணி தஜிகிஸ்தானை 2-1 என்று வென்றது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஓமானையும் தண்ட உதைகளில் வீழ்த்தியது. இதன் பின்பும் சிங்கப்பூர் ஆட்டங்களுக்கு மூத்தவரையே மீண்டும் தேடினார்கள். தகுதி வாய்ப்புப் போன பின்னர், 2025 நவம்பரில் சேத்ரி இரண்டாவது தடவையாக விடைபெற்றார்.

வயதே குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. 1990 உலகக் கிண்ணத்தில் கமரூனின் ரொஜர் மில்லா 38 வயதில், மாற்று வீரராக இறங்கியே நான்கு கோல்கள் அடித்தார். அதே மில்லா 1994 இல் 42 வயதில் ரஷ்யாவுக்கு எதிராக ஒரு கோல் அடித்துச் சாதனை படைத்தார். பலரும் நினைவில் வைத்திருப்பது அந்தச் சாதனையை மாத்திரமே. அந்த ஆட்டத்தில் கமரூன் 1-6 என்று தோற்றதைப் பேசுவார் இல்லை. ஒரே மனிதர், நான்காண்டு இடைவெளி. முதற்தடவை அவர் ஆயத்தமான அணியொன்றின் கடைசி ஆயுதம். இரண்டாம் தடவை, சிதைந்த அணியொன்றின் அலங்காரம்.

ஸ்பெயினின் ராவுலை எண்ணிப் பாருங்கள். 44 கோல்களோடு அந்நாட்டின் அதிக கோல் அடித்தவராக இருந்தவரை, 2006 இல் 29 வயதிலேயே பயிற்றுநர் அரகோனெஸ் ஒதுக்கினார். பெரும் கூக்குரல் எழுந்தது. 2008 இல் ஸ்பெயின் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது. அங்கே டொரஸும் வியாவும் ஆயத்தமாக நின்றார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். இந்தியாவில் அப்படி ஒருவரும் நிற்கவில்லை. ஏன்? ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டு வீரர்களைக் களமிறக்கக்கூடிய லீக்கில், கழகங்கள் முன்கள இடத்தைப் பெரும்பாலும் வெளிநாட்டவருக்கே கொடுத்துவந்தன. இந்திய இளைஞன் ஓரத்திலே ஓடினான், இல்லாவிடில் வாங்கில் இருந்தான். கோல் அடிக்கப் பழகாதவனை ஒருநாள் திடீரெனக் கோல் அடி என்றால் அவன் என்ன செய்வான்? இக்குறை பல ஆண்டுகள் வெளித்தெரியாமற் போனதற்குச் சேத்ரியின் கோல்களும் ஒரு காரணம். அது அவர் பிழையன்று.

எங்கள் நாட்டிலும் இது நடந்ததே. 2011 ஜூனில், 41 வயதில், பாராளுமன்ற உறுப்பினராக இருந்த சனத் ஜயசூரிய இங்கிலாந்தில் விடைபெறும் ஒருநாள் ஆட்டத்துக்காக அணிக்குள் அழைக்கப்பட்டார். அடித்த ஓட்டங்கள் இரண்டு. 1996 இல் உலகையே அதிரவைத்த துடுப்பாட்டக்காரரின் கடைசிப் பக்கத்தில் அந்த இரண்டு ஓட்டங்கள் எழுதப்பட்டுக் கிடக்கின்றன.

இனி என் சொந்தக் கதை. எழுபதுகளின் பிற்பகுதியில் எங்கள் ஊர்க் கழகத்தின் தெரிவுக் குழுவில் நானும் ஒருவன். கழகத்தின் முன்கள வீரர் அண்ணர் ஒருவர். அவர் பெயரைச் சொன்னால் குருநகரிலும் பாசையூரிலும் அறிவார்கள், அத்தனை புகழ். கால் தளர்ந்துவிட்டது எங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவரது இடத்துக்குப் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் காத்திருந்தான். “அடுத்த வருசம் பார்ப்பம் தம்பி” என்று இரண்டு வருடம் அவனுக்குச் சொன்னவன் நான். மூன்றாம் வருடம் அவன் கேட்கவில்லை. நாட்டை விட்டுப் போய்விட்டான். அவனை இழந்தது கழகத்துக்கு மாத்திரமா நட்டம் என்று இன்றும் யோசிப்பதுண்டு.

பல காலம் கழித்து அவன் ஒரு நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருந்தான். தேரடியில் கண்டு கைகூப்பினான். பிள்ளைகளைக் காட்டினான். கோபம் இல்லை. “அண்ணை, ஒரு முழு மட்ச் விளையாடிப் பார்த்திருந்தால் நான் நல்லவனோ இல்லையோ எண்டாவது தெரிஞ்சிருக்கும்” என்றான். அவ்வளவுதான்.

கழகப் பையனின் கேள்விக்கு என் விடை இதுதான். சேத்ரியைத் திரும்ப அழைத்தது பிழை. அதை ஆதரித்ததில் நானும் பிழைவிட்டேன். வந்த அவரில் குற்றமில்லை. நாடு கூப்பிட்டால் எந்த வீரன்தான் மறுப்பான்? கூப்பிட்டவர்கள், அவர் போவார் என்பதை அறிந்திருந்தும் இருபது ஆண்டுகளாக ஒருவனை வளர்க்காதவர்கள், அவர்களே பதில் சொல்லவேண்டியவர்கள். இளையவனை இறக்கித் தோற்றிருந்தாலும், அவனால் இயலுமா இயலாதா என்பதாவது தெரிந்திருக்கும். மூத்தவரை இறக்கித் தோற்றதில் அதுவும் தெரியாமற் போயிற்று.

இதை எழுதும்போது ஒன்று உறுத்துகிறது. நாளிதழில் ஒரே பத்தியை, ஒரே பக்கத்தில், ஓய்வு வயது கடந்தும் எழுதிக்கொண்டிருந்தவன் நான். பக்கத்து மேசையில் என்னிலும் நன்றாக எழுதக்கூடிய உதவி ஆசிரியர் ஒருவர் இருந்தார். வாசகர்கள் கேட்கிறார்கள் என்றார்கள், நானும் நம்பினேன். ஆகவே சேத்ரிக்கு உபதேசம் செய்யும் அருகதை எனக்கில்லை. கூப்பிடுபவர்களுக்குச் சொல்லும் அருகதை மாத்திரம், அந்தப் பையனின் புண்ணியத்தில், கொஞ்சம் இருப்பதாக நினைக்கிறேன்.

மாஸ்டர் இதற்கு மறுப்புச் சொல்லக்கூடும். சொல்லட்டும். நாளைக் காலையும் கடை திறந்திருக்கும்.