பல்லையும் பாருங்கள், தாளையும் படியுங்கள்

அன்பான மாணவச் செல்வங்களே, சொந்தபந்தங்களே,

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது புற்றுநோய் சிகிச்சை நடந்துகொண்டிருந்தால், அவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறவரிடமும் படிக்கச் சொல்லுங்கள்.

என் பெரிய அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். பள்ளி ஆண்டு விழாவுக்கு டின் டின்னாக முறுக்கு சுட்டு அனுப்புவாரே, அவர்தான். இன்று அவரால் ஒரு முறுக்கைக் கடிக்க முடியாது. கீழ்த்தாடையில் பல் பிடுங்கிய குழி ஒன்பது மாதமாக மூடவில்லை. உள்ளே எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது. தயிர்சாதத்தைக் குழையப் பிசைந்து, மறுபக்கமாக வைத்து விழுங்குகிறார். அவரிடம் கேட்டு, அவர் "எழுது" என்று சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன். இதில் என் தவறும் இருக்கிறது.

அக்காவுக்கு எட்டு வருடத்துக்கு முன் மார்பகப் புற்றுநோய் வந்து குணமானது. போன வருடத் தொடக்கத்தில் ஓயாத முதுகுவலி. எலும்புக்குப் பரவியிருக்கிறது என்றார்கள். அந்தச் சமயத்திலேயே அடங்காத தாகம், மலச்சிக்கல், எந்நேரமும் தூக்கம். வெயில் கொடுமை என்று நினைத்து மோர் கொடுத்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றார். ஓடினோம். ரத்தத்தில் கால்சியம் 13.8. இருக்க வேண்டியது ஏறக்குறைய 8.5 முதல் 10.5 வரைதான்.

முதலில் சலைன் ஏற்றினார்கள். பிறகு சோலெட்ரானிக் ஆசிட் என்ற மருந்து 4 மில்லிகிராம், டிரிப்பில். நான்காம் நாள் காலையில், "காபி போட்டியா?" என்று அக்கா கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த மருந்து என் அக்காவைத் திருப்பிக் கொடுத்த மருந்து. இதைப் பழித்து நான் எழுதவில்லை.

மருந்து என்ன செய்கிறது? ஐந்தாம் வகுப்புப் பாடம் போலவே சொல்கிறேன். நம் எலும்பில் எப்போதும் ஒரு பக்கம் இடிக்கும் வேலையும் மறுபக்கம் கட்டும் வேலையும் நடக்கும். எலும்புக்குள் புகுந்த புற்றுநோய் செல்கள் இடிப்பவர்களைத் தூண்டிவிடுகின்றன. எலும்பு அரிக்கப்பட்டு, அதிலுள்ள கால்சியம் ரத்தத்தில் கொட்டுகிறது. இந்த மருந்து எலும்பில் ஒட்டிக்கொண்டு இடிப்பவர்களை அடக்குகிறது. கால்சியம் இறங்குகிறது. எலும்பு முறியும் அபாயமும் குறைகிறது.

ஆனால் ஒரு பல்லைப் பிடுங்கினால் அந்தக் குழி ஆற, தாடை எலும்புக்கு இடிக்கும் வேலையும் வேண்டும், கட்டும் வேலையும் வேண்டும். இடிப்பவர்களைக் கட்டிப்போட்ட பிறகு அது எப்படி ஒழுங்காக நடக்கும்? வாயிலோ எந்நேரமும் கிருமி. புற்றுநோய்க்காக இந்த மருந்து எடுப்பவர்களில் நூற்றுக்கு ஒரு சிலருக்குத் தாடை எலும்பின் ஒரு பகுதி செத்துப்போகிறது. அந்தச் சிலரில் அக்காவும் ஒருவர்.

நடந்தது இதுதான். ஆறாவது டிரிப் முடிந்த பிறகு கடைவாய்ப் பல்லில் வலி. பக்கத்துத் தெரு பல் கிளினிக்குக்குப் போனோம். "சுகர் இருக்கா? பிரஷர் இருக்கா? ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுறாங்களா?" என்று டாக்டர் கேட்டார். மூன்றுக்கும் இல்லை என்றேன். மூன்றும் உண்மைதான். ஆஸ்பத்திரி ஃபைல் மஞ்சப்பையோடு என் மடியிலேயே இருந்தது. பல்லுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் திறக்கவே இல்லை. பத்து நிமிடத்தில் பல்லை எடுத்துவிட்டார்.

புண் ஆறாமல் போன பிறகு அந்த ஃபைலைப் புரட்டினேன். முதல் டிரிப் அன்று நான் கையெழுத்துப் போட்ட தாளில், பல் பிடுங்குவதாக இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறது. வினாத்தாளை இரண்டு முறை படித்துவிட்டு எழுது என்று 34 வருடம் உங்களிடம் சொன்னவள் நான். ஒரு முறைகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இது புதிதாகக் கண்டுபிடித்த ஆபத்தும் இல்லை. அமெரிக்காவில் இந்த மருந்துக்கு 2001-இல் அனுமதி கிடைத்தது. 2003-லேயே மயாமியைச் சேர்ந்த ராபர்ட் மார்க்ஸ் என்ற வாய் அறுவை மருத்துவர், இதுவும் இதே வகையைச் சேர்ந்த இன்னொரு மருந்தும் எடுத்த 36 பேருக்குத் தாடை எலும்பு பாதிக்கப்பட்டதை எழுதிவிட்டார். இருபது வருடத்துக்கு மேலாகத் தெரிந்த விஷயம் ஏன் இன்னும் நழுவுகிறது? என் கருத்து இது: எலும்பைப் பார்ப்பவர் ஓர் அறையில் இருக்கிறார், பல்லைப் பார்ப்பவர் வேறொரு தெருவில் இருக்கிறார். இரண்டு இடத்துக்கும் போய்வருவது நோயாளியும், கூடப் போகிற நாமும், அந்த மஞ்சப்பையும் மட்டும்தான். நாம் வாய் திறக்காவிட்டால் சேதி போய்ச் சேராது.

முதல் டிரிப்புக்கு முன் பல்லைப் பார்க்க அக்காவுக்கு நேரமில்லை. உயிர் பிழைக்க வேண்டியிருந்தது. அது சரிதான். ஆனால் இரண்டாவது டிரிப்புக்கு முன் எங்கள் கையில் ஒரு மாதம் இருந்தது. அதைத்தான் தவறவிட்டோம்.

நான் பட்டுக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

1. அவசரம் இல்லையென்றால், மருந்து தொடங்கும் முன்பே பல் டாக்டரிடம் காட்டுங்கள். எடுக்க வேண்டிய பல்லை எடுத்து, புண் ஆறிய பிறகு தொடங்கலாமா என்று கேளுங்கள். தொடங்கிய பிறகு பல் வலி வந்தால், பிடுங்காமல் வேர் சிகிச்சை செய்து காப்பாற்ற முடியுமா என்று கேளுங்கள். மருந்து எலும்பில் வருடக்கணக்கில் தங்கும். அதனால் "டிரிப்பை நிறுத்தி ரெண்டு மாசமாச்சு" என்று சொல்லாமல் விடாதீர்கள். டெனோசுமாப் என்ற ஊசிக்கும் இந்தத் தாடைப் பிரச்சினை உண்டு.

2. ஒவ்வொரு டிரிப்புக்கும் முன் கிரியேட்டினின் பார்த்தார்களா என்று கேளுங்கள். இந்த மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அளவை 3.5, 3.3, 3 மில்லிகிராம் என்று குறைப்பார்கள். மிகவும் தளர்ந்திருந்தால் தவிர்ப்பதும் உண்டு. டிரிப் 15 நிமிடத்துக்குக் குறையாமல் ஏற வேண்டும். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, சீக்கிரம் விடுங்க" என்று நர்ஸை அவசரப்படுத்தாதீர்கள். உடலில் நீர்ச்சத்து குறையக் கூடாது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை மெடிக்கலில் தானாக வாங்கிப் போடக் கூடாது.

3. கால்சியம் மாத்திரையில் பெரிய குழப்பம் நடக்கிறது. எலும்பைக் காக்க மாதாமாதம் இந்த டிரிப் போடுபவர்களுக்கு வழக்கமாகத் தினம் 500 மில்லிகிராம் கால்சியமும் வைட்டமின் டியும் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் கால்சியம் மிகவும் இறங்கி உதடு மரத்துப்போகும், கை கால் இழுக்கும். ஆனால் ரத்தத்தில் கால்சியம் ஏறிப்போய் அதற்காக டிரிப் போட்டவர், டாக்டர் சொல்லாமல் அதே மாத்திரையைத் தொடக் கூடாது. மருந்து ஒன்றுதான், ஆனால் இரண்டு பேருக்கும் விதி வேறு. பக்கத்துக் கட்டில்காரருக்குச் சொன்னதை நமக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

4. வயதானவர்களின் எலும்புத் தேய்மானத்துக்கும் இதே மருந்தை 5 மில்லிகிராம் அளவில் வருடத்துக்கு ஒருமுறை போடுகிறார்கள். பெயர்தான் வேறாக இருக்கும். எலும்பு டாக்டர் ஒன்றும் புற்றுநோய் டாக்டர் ஒன்றுமாக இரண்டும் ஏறிவிடக் கூடாது.

5. டிரிப் போட்ட இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடல்வலியும் வரலாம். பெரும்பாலும் தானே போய்விடும். பயந்து மருந்தையே விட்டுவிடாதீர்கள். ஆனால் தொடையிலோ இடுப்பு மடிப்பிலோ புதிதாக வலி, தாடையில் வலி, பல் ஆட்டம், வாயில் ஆறாத புண், சிறுநீர் குறைவது, இவற்றில் எது வந்தாலும் அடுத்த முறை வரைக்கும் காத்திருக்காமல் சொல்லுங்கள்.

சொந்தத்திலேயே சிலர் போனில், "அந்த ஊசியே வேண்டாம், நிறுத்திடுங்க" என்கிறார்கள். அக்கறையில்தான் சொல்கிறீர்கள். ஆனால் "நீங்க யாரு?" என்று கேட்ட அக்காவை நான் பார்த்தவள். முதுகெலும்பு நொறுங்கிப் படுக்கையில் விழுவது தாடைப் புண்ணைவிடக் கொடியது. இப்போது டிரிப்பைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். மீண்டும் எப்போது என்பதை அவருடைய டாக்டர்கள் இருவரும் பேசி முடிவு செய்வார்கள். இப்போதாவது இருவரும் பேசுகிறார்கள் என்பதே எனக்கு ஆறுதல்.

ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு வேண்டுகோள். அந்த வரியைத் தமிழில் தனிச் சீட்டாக அச்சடித்துக் கொடுங்கள், வாயாலும் சொல்லுங்கள். பல் டாக்டர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சுகர், பிரஷரோடு நான்காவதாக, "எலும்புக்கு ஊசியோ டிரிப்போ போட்டிருக்கீங்களா?" என்று கேளுங்கள்.

வகுப்பில் "அதிகப் பிரசங்கித்தனமா கேள்வி கேக்காதே" என்று உங்களில் சிலரை நானே அதட்டியிருக்கிறேன். அதை இன்று திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். டாக்டரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. ஆங்கிலத்தில் இருக்கும் தாளை, "இதுல என்ன எழுதியிருக்கு, சொல்லுங்க" என்று கேட்பதும் அவமானம் இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு ஆஸ்பத்திரிப் பையைத் திறந்து பாருங்கள். மருந்தின் பெயர், அளவு, கடைசியாகப் போட்ட தேதி, இந்த மூன்றையும் ஒரு வெள்ளைத்தாளில் பெரிதாக எழுதி, பையில் மேலாக வையுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும், எதற்காகப் போனாலும், முதலில் அந்தத் தாளைக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்